ஈரப் பனியில் ஓடினால் கால்விரல்கள் வெளுப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 27. எடின்பரோவில் படிக்கிறேன். ஞாயிறுதோறும் பென்ட்லண்ட் குன்றுகளில் ஓடுவேன். சென்ற வாரம் 2 டிகிரி. பாதையெல்லாம் பாதி உருகிய பனியும் சேறும். இரண்டு மணி நேரம் ஓடித் திரும்பியபோது கால்விரல்கள் மெழுகுபோல் வெளுத்து மரத்திருந்தன. வெந்நீரில் வைத்தேன், உயிர் போகும் வலி. மறுநாள் சிவந்த தடிப்புகள், தாங்க முடியாத அரிப்பு. இது பனிக்கடியா? ஓடுவதை நிறுத்திவிடவா?

மருத்துவர் பதில்: பயப்படாதீர்கள், பனிக்கடி அல்ல. அதற்குத் தோலோ அதன் அடியிலுள்ள சதையோ உறைய வேண்டும். 2 டிகிரியில் அது நடக்காது. உங்களைப் படுத்தியது குளிரைவிட ஈரம்தான். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த காலுறைக்குள் விரல்கள் சில்லிட்டதும், உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க உடல் அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வெளுப்பும் மரப்பும் அதனால்தான். மறுநாள் வந்த அரிப்புத் தடிப்பு 'சில்பிளெயின்ஸ்' (குளிர் பட்ட தோலில் வரும் சிவந்த வீக்கம்) போலத் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறிவிடும். சொறிந்து புண்ணாக்காதீர்கள்.

வெந்நீர்தான் தவறு. மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். திடீர்ச் சூட்டில் தடிப்பும் கூடும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஈர உடை முழுவதையும் களையுங்கள். உலர்ந்த உடையும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு சூடாக ஏதாவது குடியுங்கள். கால் மெல்லச் சூடேறட்டும், தேய்க்கவும் வேண்டாம்.

ஓடுவதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். பருத்திக் காலுறையை நிறுத்துங்கள்; அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டு ஷூவை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம்தான் தடைபடும். ஷூவுக்குள் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். நீர் புகாத ஷூவை நம்பிக் குட்டையில் இறங்காதீர்கள். கணுக்கால் வழியே உள்ளே போன நீர் வெளியே வராமல் அங்கேயே தேங்கி நிற்கும். இத்தகைய நாட்களில் ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே உடல் நடுங்கத் தொடங்கும். பையில் உலர்ந்த மேலுடை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

மரப்பு இன்னும் நீங்கவில்லை என்றாலோ, தடிப்பு புண்ணாகிவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ரிட்ஜில் கைவிட்டாலே விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கின்றனவா? அப்படியானால் அது குளிர் பட்டதும் விரல்களின் இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் 'ரேனாட்' பிரச்சினையாக இருக்கலாம். அதையும் அவரிடம் சொல்லுங்கள், தேவையான இரத்தப் பரிசோதனைகளை அவர் எழுதித் தருவார்.