பைபாஸுக்குப் பிறகு நடக்க பயப்படும் அப்பா: குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து 3 வாரமாகியும் அப்பா கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுகிறார், அம்மாவும் நடக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்சார்ஜின்போது டாக்டர் நடக்கத் தடை சொல்லவில்லை என்றால் நடக்க வையுங்கள். படுத்தே கிடந்தால்தான் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும்.

நம்ம ஊர் வெயிலுக்கு காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் தெருமுனை வரை 5 நிமிடம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டலாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட நடங்கள். பதில் சொல்ல மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ஆபரேஷனில் வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், பைக் இரண்டும் வேண்டாம். எழும்போது கைகளைப் பின்னால் ஊன்றி எம்பாமல், ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு எழட்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைக்கச் சொல்லுங்கள், பாதி பயம் அதிலேயே போய்விடும்.

நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே 108. தையலில் சீழ், காய்ச்சல், எலும்பு டிக்கென்று அசைவது, 2 நாளில் எடை 2 கிலோ ஏறுவது என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

அடுத்த செக்கப்பில் கார்டியாக் ரீஹாப் (இதய நோயாளிகளைத் தேற்றும்) பயிற்சிக்கு எழுதித் தரக் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்டால்தான் அவருக்குத் தைரியம் வரும்.