குவில்ட் ஓரம்: மெஷினிலேயே முடிக்கலாம்

கேள்வி: பேத்திக்கு 36 அங்குல அகலம், 45 அங்குல நீளத்தில் ஒட்டுத்துணிக் குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்த போர்வை) தைத்திருக்கிறேன். ஓரப் பட்டியைக் கையால் ஹெம்மிங் செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. வேறு வழி உண்டா?
- வாசகி, ஈசூன்

பதில்: உண்டு. பட்டியை முதலில் பின்பக்கம் தைத்து, பிறகு முன்பக்கம் மடித்து அதன்மேல் தையல் ஓட்டுங்கள். முன்பக்கத் தையலைப் பார்த்தே ஓட்டுவதால் கோணாது.

சுற்றளவு 162 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் 10 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். 44 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டிகள் ஐந்து போதும். சிங்கப்பூர் அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் அரை மீட்டர் வாங்கினால் மிச்சமே இருக்கும். கிராஸ் பீஸ் (துணியின் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டி) வேண்டாம், அது வளைந்த ஓரத்துக்கு. சிவப்பு, கருநீலத் துணி என்றால் வெட்டும் முன்பே துவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

பட்டிகளைச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் அடுக்கெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து தடிக்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிப்பில்லாத விளிம்பைக் குவில்டின் ஓரத்தோடு சேர்த்து 8 மி.மீ. உள்ளே தையுங்கள். மூலைக்கு 8 மி.மீ. முன்பே நிறுத்தி நூலை வெட்டிவிடுங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, நேரே கீழே இறக்கி, ஓரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த 8 மி.மீட்டரைத் தாண்டித் தைத்துவிட்டால் மூலை திரும்பாது, பிரிக்கத்தான் வேண்டும்.

முன்பக்கம் திருப்பியதும் பட்டியின் மடிப்பு முதல் தையலை மூட வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிளிப் போட்டு, மடிப்பை ஒட்டி 3 மி.மீ. தையல் நீளத்தில் ஓட்டுங்கள். பின்பக்கம் இந்தத் தையல் பட்டிக்குச் சற்று வெளியே விழும். பாபினில் (மெஷினின் கீழ்நூல் உருளை) பின்துணி நிற நூல் போட்டால் தெரியாது.

பின்துணியையே முன்னால் மடித்து ஓரமாக்குவது இன்னும் சுலபம்தான். ஆனால் விளிம்பில் ஒரே அடுக்கு. அடிக்கடி துவைக்கும் குழந்தைப் போர்வையில் அதுதான் முதலில் நையும். நைந்தால் பின்துணியே போச்சு. சுவரில் மாட்டும் குவில்டுக்கு அது போதும்.

கேள்வி: பட்டி தைத்ததும் ஓரம் அலை அலையாக நெளிகிறது. ஏன்?
- வாசகர், பிடோக்

பதில்: தைக்கும்போது குவில்ட் இழுபட்டிருக்கும். பட்டியை இழுத்திருந்தால் நெளியாது, சுருங்கும். பட்டி வைக்கும் முன் ஓரத்தைச் சுற்றி 3 மி.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டிவிட்டால் மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்று அடுக்கும் நகராது. வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் நகர்த்தும் மெஷின் பாதம்) இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், மேல் துணியும் கீழ்த் துணியும் சமமாக நகரும். துவைத்தபின் நெளிந்தால் காயப்போடும் விதத்தைப் பாருங்கள். பருத்திப் பஞ்சு நீரைக் குடித்துக் கனக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மூங்கில் கழியில் ஓரத்தை மட்டும் கிளிப்பில் தொங்கவிடாமல், நடுவில் மடித்துப் போடுங்கள்.