பில்லில் எழுதாத விண்டோஸ்

கேள்வி: 2016இல் வாங்கிய லெப்டொப். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இது பழைய இரும்புக்குத்தான் என்கிறார் கடைக்காரர். 15,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டு புதியது தருவாராம். கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்துவந்த ஆதரவு. உங்கள் லெப்டொப்புக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய லெப்டொப்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது என்பதை வைத்துத்தான் கடைக்காரர் பயம் காட்டுகிறார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு அந்த எல்லை கிடையாது. அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 இந்த லெப்டொப்பில் சிரமமில்லாமல் ஓடும்; 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களும் வரும்.

உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதற்குப் பதிலாக, சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுங்கள். பிறகு ஒரு பென்டிரைவில் மின்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்குங்கள். அப்படிச் செய்தால் டிஸ்கில் உள்ள எதுவும் அழியாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமெரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரை நாள் பாவித்துப் பாருங்கள். திருப்தி என்றால், படங்களையும் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவலாம்.

கேள்வி: பிள்ளையின் சூம் வகுப்பு, வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம் எல்லாம் லினக்ஸில் நடக்குமா?
– தெஹிவளை

பதில்: நடக்கும். சூமுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. மற்ற இரண்டும் பிரவுசர் வேலை. ஃபயர்ஃபொக்ஸ், குரோம் இரண்டும் உண்டு.

கேள்வி: பம்பலப்பிட்டியில் மகளுக்குப் புது லெப்டொப் வாங்கினேன். ஒரிஜினல் விண்டோஸ், ஒஃபிஸ் என்று சொல்லித் தனியாக 12,000 ரூபா எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வேர்டில், உரிமம் இல்லை என்று சிவப்புப் பட்டை வந்துவிட்டது. மென்பொருளுக்கு வொரண்டி இல்லை என்கிறார்கள். பில்லில் லெப்டொப்பின் மொடல் மட்டும்தான் இருக்கிறது.
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். கடைக்காரர் வாயால் சொன்னதை நம்பினீர்கள். நம்பும்படிதான் அவர் சொல்லியிருப்பார். உங்கள் மேல் பிழை இல்லை.

கணினியின் அமைப்புகளில் 'அக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் விண்டோஸ் செயற்படுத்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். மகள் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாள்? பெரிய கம்பனிகள் தங்கள் ஊழியர்களின் கணினிகளுக்கு வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதைப் போலியாகக் காட்டும் ஒரு நிரலைக் கடையில் ஓட்டிவிடுகிறார்கள். அந்த நிரல் உள்ளே வருவதற்காக வைரஸ் காவலை நிறுத்துகிறார்கள். அதை எழுதியவர் யார், கூடவே வேறு எதைச் செருகினார் என்பது ஏற்றிக்கொடுத்தவருக்கே தெரியாது. அதே கணினியில்தான் நாம் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கிறோம்.

வருடக்கணக்காக நான் எழுதிவரும் விஷயம் இது, இன்னும் எழுதுவேன். திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டு அதற்குக் காசும் வாங்குகிறார்கள், ஆனால் பில்லில் ஒரு வரி எழுத மாட்டார்கள். எழுதினால் அது அவர்களுக்கு எதிரான சாட்சி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்துகொண்டே அதை வணிக இலாபத்துக்குப் பாவிப்பவரையும் அந்தச் சட்டம் சும்மா விடாது. ஆக, காசு கடைக்காரருக்கு, ஆபத்து வாங்கியவருக்கு. இவ்வளவும் எதற்காக? அதே மேசையில், அதே அரை மணித்தியாலத்தில், சட்டப்படி லினக்ஸையும், ஒஃபிஸுக்குப் பதிலான இலவச லிப்ரே ஒஃபிஸையும் ஏற்றித் தரலாம். ஏற்றிய கூலியை வாங்கட்டும், பில்லில் அப்படியே எழுதட்டும். யார் மறுக்கப்போகிறார்கள்?

கேட்டால், நம் சனத்துக்கு அதெல்லாம் விளங்காது என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2004 டிசம்பர் சுனாமியில் காணாமற்போனவர்களையும் முகாம்களில் இருந்தவர்களையும் பதிய இந்த நாட்டுப் பொறியியலாளர்கள் எழுதிய சஹானா திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பாவிக்கவும் மாற்றவும் கூடியது. மறு வருடம் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கேயும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கு சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தரும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. உலகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு, பாவிக்க மட்டும் விளங்காதாம்!

இப்போது செய்ய வேண்டியது: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இந்தக் கிழமையே அனுப்புங்கள். துரித இலக்கம் 1977. பில், கடையோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள், அக்டிவேஷன் பக்கத்தின் படம், சிவப்புப் பட்டையின் படம் எல்லாவற்றையும் இணையுங்கள். 12,000 ரூபாவை வங்கி அட்டையில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே பெரிய சான்று. உங்கள் கடவுச்சொற்களை வேறொரு கணினியில் இருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸ் ஏற்றித் தந்து 3,500 ரூபா வாங்கினார்கள். அது இலவசம் என்று தம்பி சொல்கிறான். இது மோசடியா?
– தெமட்டகொடை

பதில்: கூலி என்று வாங்கினால் மோசடி இல்லை. லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றுக்கு உள்ள ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வரும் மென்பொருளைக் காசுக்கு விற்கவும் அனுமதி உண்டு. லைசன்ஸ் கட்டணம், வருடா வருடம் கட்ட வேண்டும் என்று சொன்னால் அது பொய். ஒரு சதமும் கட்டாதீர்கள்.

கேள்வி: விலை குறைவு என்று ஒரு லேசர் பிரின்டர் வாங்கினேன். லினக்ஸில் அச்சாகவில்லை. லினக்ஸைக் குறை சொல்வதா, பிரின்டரையா?
– மட்டக்குளி

பதில்: வாங்கும் முன் மொடல் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடினீர்களா? கடிதத்தில் மொடல் பெயரைக்கூட எழுதவில்லை. இந்தப் பகுதிக்கு மாதா மாதம் இதே கேள்வி வருகிறது, எல்லாமே காசு கொடுத்த பிறகு. 'ஏர்பிரின்ட்' அல்லது 'ஐபிபி எவ்ரிவேர்' என்று பெட்டியில் போட்ட பிரின்டர் என்றால் தனி டிரைவரே (கருவியை இயக்கும் மென்பொருள்) தேவையில்லை, லினக்ஸ் தானாக அடையாளம் காணும். மலிவு லேசர்கள் சில, கம்பனியின் சொந்த மொழியில் மட்டுமே பேசும். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நான் வாங்கிய ஒரு வைஃபை டொங்கிளின் பெட்டியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் இருந்தது. உள்ளே இருந்த சீடியில் பல வருடம் பிந்திப்போன கேர்னலுக்கான, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கான, டிரைவர். மொடல் இலக்கத்தை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதைக் காட்டியது அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 'வி3' மட்டும். அந்தக் காசு போனது போனதுதான்.

கேள்வி: வீட்டில் இருந்து தமிழ் தட்டச்சு செய்கிறேன். எல்லாம் பாமினி. லினக்ஸுக்கு மாறினால் பிழைப்பு போய்விடுமா?
– வத்தளை

பதில்: போகாது அக்கா. பாமினி ஓர் எழுத்துருக் கோப்புத்தான்; லினக்ஸிலும் நிறுவலாம். லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் அதைத் தெரிந்துகொண்டு வழமைபோல அடியுங்கள். 'எம்' விசைக்கு 'அ' வருவது அங்கேயும் அப்படியே. ஒன்றை மட்டும் முதலில் நிறுத்துங்கள்: வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம். பெரிய 'எம்' என்றால் 'ஆ' என்பதால், அது இருந்தால் 'அம்மா' என்று தொடங்கும் வசனம் 'ஆம்மா' என்று மாறி நிற்கும். எந்தக் கணினியிலும் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யுனிகோட்டில் கேட்பவர்களுக்கு, ஐபஸ் விசைப்பலகைத் தொகுதியில் ரெங்கநாதன் அமைப்பு இருக்கிறது.

ஆனால் கல்யாண அட்டை வேலையும் எடுக்கிறீர்கள், அச்சகம் கோரல்ட்ரோ அல்லது பேஜ்மேக்கர் கோப்பாகத்தான் கேட்கிறது என்றால் விண்டோஸ் கணினியை விட்டுவிடாதீர்கள். அதே வேலைக்கு லினக்ஸில் உள்ள இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் நல்லவை. அச்சகம் பிடிஎஃப் ஏற்றால் போதும். முதலில் அச்சகத்தில் கேளுங்கள்.

கேள்வி: பகுதிநேர வேலைக் காசைச் சேர்த்துப் பாவிக்காத புது லெப்டொப் என்று ஒருவரிடம் வாங்கினேன். பழையதோ என்று சந்தேகம். எப்படி அறிவது?
– பல்கலைக்கழக மாணவன், கொலன்னாவை

பதில்: தம்பி, மின்ட் பென்டிரைவில் இருந்து தொடக்கி 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறவுங்கள். டிஸ்கின் 'ஸ்மார்ட்' விவரங்களில் அது இதுவரை எவ்வளவு நேரம் ஓடியது என்று இருக்கும். புதிதென்றால் சில மணித்தியாலங்கள்தான் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள், கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு. எண் குறைவாக இருந்தாலும் டிஸ்கை மட்டும் மாற்றியிருக்கலாம். 'பவர்' புள்ளிவிவரத்தில் பற்றரியின் இப்போதைய கொள்ளளவு முதலில் இருந்ததைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். பாதியாகக் குறைந்த பற்றரி புது லெப்டொப்பில் இருக்காது. என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டுக் கடிதத்துக்கு உதவுகிறேன்.

கேள்வி: மகன் வலோரண்ட் விளையாட வேண்டுமாம். லினக்ஸில் ஓடுமா?
– மருதானை

பதில்: ஓடாது.