புள்ளியைப் பார்க்காதீர்கள், மரத்தடியைப் பாருங்கள்: லெப்பர்ட் ஹவுண்டா, மவுண்டன் கரா?

கேள்வி: அமெரிக்காவில் டென்னசி மாநிலம் மர்ஃப்ரீஸ்பரோவில் இருக்கிறேன். அரை ஏக்கரில் வீடு, சுற்றி வேலி. பக்கத்து வீட்டுக்காரரோடு அணில் வேட்டைக்குப் போய் வந்ததில் சொந்தமாக ஒரு நாய் வளர்க்க ஆசை. இரண்டு இடத்தில் குட்டி பார்த்தேன். ஒன்று நீலக் கண்ணும் புள்ளியுமாக மிக அழகு, ‘லெப்பர்ட்’ என்கிறார்கள். இன்னொன்று பழுப்பில் கருவரி போட்ட ‘மவுண்டன் கர்’, வால் மொட்டை. எதை வாங்கலாம்? எப்படிப் பழக்குவது? எச்-1பி விசாவில் துப்பாக்கி எடுத்தால் சிக்கல் வருமா?

பதில்: அணிலுக்காகத்தான் நாய் என்றால் மவுண்டன் கர் வாங்குங்கள். ஆனால் அந்தக் குட்டியின் தாயும் தகப்பனும் காட்டில் வேலை செய்வதை ஒரு நாளாவது கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். வேட்டை நாய் விஷயத்தில் இனப் பெயர் பாதி உண்மைதான் சொல்லும். மீதி பெற்றோரிடம் இருக்கிறது.

அகராதியில் ‘கர்’ என்றால் சாதி கெட்ட நாய் என்று போட்டிருக்கும். அப்பலாச்சியன் மலைகளிலும் தென் மாநிலங்களிலும் அந்தச் சொல்லுக்கு அந்த இழிவு கிடையாது. மாடு மடக்க, வீடு காக்க, இரவில் ரக்கூனையும் (மரமேறும் சிறு காட்டு விலங்கு) பகலில் அணிலையும் மரத்தில் ஏற்ற என்று ஒரே நாயை எல்லா வேலைக்கும் வைத்திருந்த குடியானவர்களின் நாய்தான் கர். பண்ணை வாழ்க்கை சுருங்கியபோது இந்த நாய்களும் அருகின. மிச்சமிருந்தவற்றைக் காக்க 1957-இல் நான்கு பேர் சேர்ந்து மவுண்டன் கர் வளர்ப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் குட்டி அந்த முயற்சியின் வழியில் வந்தது.

‘லெப்பர்ட்’ என்ற சொல்லில்தான் குழப்பம். சிறுத்தையை வேட்டையாடும் நாய் என்று பொருள் இல்லை. தோலின் புள்ளியை வைத்து வந்த பெயர். விளம்பரத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நாய்கள் ஒளிந்திருக்கும். ஒன்று அமெரிக்கன் லெப்பர்ட் ஹவுண்ட். முன்பு இதையே லெப்பர்ட் கர் என்றார்கள். இன்னொன்று லூசியானாவின் கேட்டஹூலா. 1979 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நாய். கேட்டஹூலாவின் பிறவிக்குணம், காட்டுப்பன்றியையோ மாட்டையோ சுற்றி வளைத்து, முகத்துக்கு நேரே நின்று குரைத்து நிறுத்துவது. இதை ‘பே’ என்பார்கள். மரத்தை அண்ணாந்து பார்த்துக் குரைப்பது வேறு வேலை. அதைச் செய்யும் கேட்டஹூலாக்களும் உண்டு. ஆனால் குட்டியை வைத்து அதை நம்பி வாங்க முடியாது. அதனால் விற்பவரிடம் முதல் கேள்வி: எந்தச் சங்கத்தின் பதிவுச் சீட்டு, என்ன இனப் பெயரில்? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். லெப்பர்ட் ஹவுண்டில் ஒரே நிற மஞ்சள், கறுப்பு, வரி போட்ட நாய்களும் பிறக்கும். புள்ளி இல்லாததால் ஒரு குட்டி தாழ்ந்ததாகிவிடாது.

இரண்டுக்கும் வேலையில் உள்ள வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. பல மணி நேரம் ஆறிப்போன தடத்தையும் பிடித்துப் போகிற நாயை ‘கோல்ட் நோஸ்’ என்றும், புதுத் தடத்தை மட்டும் எடுக்கிற நாயை ‘ஹாட் நோஸ்’ என்றும் வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். லெப்பர்ட் ஹவுண்ட் பெரும்பாலும் முதல் பக்கம் சாயும்: தடத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டு போகும், ஒரு மைல் தள்ளிப் போகவும் தயங்காது. ரக்கூன், பாப்கேட் என்ற காட்டுப்பூனை, கரடி ஆகியவற்றுக்கு அருமையான நாய். மவுண்டன் கர் பெரும்பாலும் வாய் திறக்காமல் தேடும். 100 முதல் 300 கஜத்துக்குள் சுற்றி வரும். மரத்தடிக்கு வந்த பிறகுதான் குரைக்கும். விடியற்காலையில் அணிலுக்கு நாயை அவிழ்த்து விடுகிறீர்கள் என்று வையுங்கள். லெப்பர்ட் ஹவுண்ட் ராத்திரி போன ரக்கூன் தடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மேட்டைத் தாண்டிப் போய்விடும். நாய் மேல் குற்றமில்லை, அது பிறந்த வேலையைச் செய்கிறது. உங்களுக்குத்தான் அன்றைக்கு அணில் இல்லை.

கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஓட்டத்தை வைத்து நாயை மதிப்பிடுவார்கள். அவை வெட்டவெளியில் கண்ணால் பார்த்து விரட்டுபவை. இங்கே இரை தலைக்கு மேல், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சரியான மரத்தைக் கண்டுபிடித்து, நீங்கள் வந்து சேரும்வரை இருபது நிமிடமானாலும் அங்கேயே நின்று குரைப்பதுதான் தகுதி. கால் வேகம் அப்புறம்.

இனி அந்த நீலக் கண். புள்ளியைத் தரும் மரபணு வகைக்கு மெர்ல் என்று பெயர். ஒரு பிரதி இருந்தால் புள்ளி. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால் காதும் கண்ணும் பாதிக்கப்படலாம். மெர்ல் நாய்களின் செவித்திறனை அளந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரதி உள்ளவற்றில் 2.7 சதவீதத்துக்கு ஒரு காதும் 0.9 சதவீதத்துக்கு இரு காதும் கேட்கவில்லை. இரண்டு பிரதி உள்ளவற்றில் அது முறையே 10, 15 சதவீதமாக ஏறியது. இது வேட்டைக்காரருக்கு ஏன் முக்கியம்? அணில் நாய் மூக்கால் மட்டும் வேலை செய்வதில்லை. பட்டையில் நகம் உரசுவது, கொட்டைத் தோடு கீழே விழுவது எல்லாம் காதில் விழ வேண்டும். ஒரு காது கேளாத குட்டி வீட்டில் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வரும், நமக்குச் சந்தேகமே வராது. ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே பெற்றோர் இரண்டும் புள்ளி நாய்கள் என்றால், அல்லது குட்டியின் தலை பெரும்பாலும் வெள்ளையாக இருந்தால், ஆறு வாரத்துக்கு மேல் பேயர் என்ற செவிப் பரிசோதனை செய்த சீட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

மொட்டை வால் குறையல்ல. மவுண்டன் கரில் பிறவியிலேயே குட்டை வால் வருவது சாதாரணம்.

பெற்றோரைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியது மூன்று. எத்தனை மரத்தில் குரைத்தது, அதில் எத்தனையில் அணில் உண்மையில் இருந்தது? ஆளைப் பார்க்காமல் தானாகத் தேடப் போனதா? மரத்தை விட்டுவிட்டு நடுவில் வந்ததா? வெறும் மரத்தில் குரைக்கும் பழக்கத்தை ‘ஸ்லிக்’ என்பார்கள். இலை அடர்ந்த காலத்திலும், காற்றடித்து அணில் பொந்துக்குள் புகுந்துவிட்ட நாளிலும் நல்ல நாயும் ஸ்லிக் ஆனதுபோலத் தோன்றும். இலை உதிர்ந்த, காற்றில்லாத காலையில் பார்ப்பதே நியாயம்.

குட்டி வந்த பிறகு முதல் இரண்டு மாதம் வேட்டைப் பேச்சே வேண்டாம். பெயர், விசிலுக்கு வருவது, வண்டியில் கூண்டுக்குள் அமைதியாக இருப்பது, ஓடையைத் தாண்டுவது, இவை போதும். இடையில் ஒரு கம்பில் நூல் கட்டி அதில் அணில் வாலைத் தொங்கவிட்டு, வாரம் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். கடைசியில் எட்டாத உயரத்தில் மரத்தில் மாட்டுங்கள். இரண்டு மூன்று குரைப்பு வந்ததும் வாலை எடுத்து ஒளித்துவிடுங்கள். தினமும் காட்டினால் சலித்துப்போகும்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு அவசரமே கூடாது. குட்டி தின்றுகொண்டிருக்கும்போது 100 கஜம் தள்ளி .22 என்ற சிறு ரகத் துப்பாக்கி வெடிக்கட்டும், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றால், வாரம் வாரமாகத் தூரத்தைக் குறையுங்கள். தலைக்கு மேல் பெரிய ஷாட்கன்னை முதன்முதலாகச் சுட்டு நல்ல நாயை ஆயுளுக்கும் பயந்தாங்கொள்ளி ஆக்கியவர்கள் உண்டு.

ஐந்தாறு மாதத்தில் காட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஹிக்கரி, வெள்ளை ஓக் மரங்களின் கீழ் புதிதாகக் கடித்துப்போட்ட தோடு கிடக்கும் இடம் பாருங்கள். சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரம்தான் உங்கள் பள்ளிக்கூடம். மெதுவாக நடங்கள், பத்து நிமிடம் உட்காருங்கள், சும்மா கூப்பிடாதீர்கள். கூப்பிடக் கூப்பிட நாய் உங்கள் காலடியிலேயே நிற்கக் கற்றுக்கொள்ளும். தேர்ந்த நாயோடு சில தடவை விடுவது உதவும். எப்போதும் அதனோடே விட்டால் தானாகத் தேடாமல் அது குரைத்தால் குரைக்கும் நாயாகிவிடும்.

மரத்தில் குரைத்ததும் போய்ச் சேருங்கள். ஆள் வந்ததும் அணில் தண்டின் மறுபக்கம் ஒளியும். ஒருவர் நாயோடு அசையாமல் நிற்க, மற்றவர் சுற்றிப் போனால் அணில் நகர்ந்து இந்தப் பக்கம் வரும். .22 குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகக்கூடியது. பின்னால் தண்டோ தடித்த கிளையோ இருந்தால் மட்டும் சுடுங்கள்; வானத்தைப் பார்த்துச் சுட வேண்டியிருந்தால் 20 கேஜ் ஷாட்கன்னில் 6-ஆம் எண் ரவை. விழுந்த அணில் செத்ததா என்று பார்த்துவிட்டுக் குட்டியிடம் கொடுங்கள். குற்றுயிர் அணில் மூக்கைக் கடித்துவிடும். பத்துப் பதினைந்து நொடி கவ்வட்டும், அதே மரத்தடியில் தட்டிக்கொடுங்கள், பிறகு பையில் போடுங்கள். இழுபறி விளையாட்டு வேண்டாம். மரத்தில் அணில் இல்லையென்றால் திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். வாரில் மாட்டிக்கொண்டு நகருங்கள். இரண்டாவது பருவம் முடியும்வரை நாயை எடைபோடாதீர்கள்.

மான் பின்னால் ஓடினால் ஷாக் காலரை (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டையை) அழுத்தக் கை பரபரக்கும். ஓடுவது மான்தான் என்று கண்ணால் பார்த்தால் மட்டும் அழுத்துங்கள். அதுவும் கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்பதை 30 அடிக் கயிற்றில் முன்பே கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும். அணில் தடத்தில் இருந்த குட்டிக்கு ஒரு தவறான அடி விழுந்தால், காட்டில் மோப்பம் பிடிப்பதே தண்டனை என்று நினைத்துக்கொள்ளும்.

டென்னசியில் இதயப்புழு மாத்திரை 12 மாதமும் வேண்டும். உண்ணி மருந்தும் அப்படியே. டிஸ்டெம்பர், ரேபிஸ் தடுப்பூசிகளோடு லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள்; ரக்கூன் நடமாடும் ஓடைத் தண்ணீரை நாய் குடிக்கும். ரக்கூன் கடித்த ஏழு முதல் பதினான்கு நாளில் பின்னங்கால் தொய்ந்து, குரைப்பும் மெலிந்தால் அது கூன்ஹவுண்ட் வாதமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலான நாய்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறும். அதுவரை புரட்டிப் படுக்கவைத்து ஊட்ட வேண்டும். காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சி மட்டும் கிட்டவே வரக்கூடாது. அதிலிருந்து வரும் சூடோரேபிஸ் நாயைச் சில நாளில் கொன்றுவிடும், மருந்து இல்லை.

விசா விஷயத்தில் கவனம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பிடித்தாலும் இதே விதிதான். 1969 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் டென்னசியில் வேட்டைப் பாடச் சான்றிதழும் பெற வேண்டும். முதலில் பாடம், அடுத்து உரிமம், அதன் பிறகு துப்பாக்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உரிமம் தீரும் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். ஊரில் இந்த நாயை வளர்க்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டைக்கு நாய் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லுங்கள்.

ஜிபிஎஸ் காலர் இல்லாமல் நாயை அவிழ்க்காதீர்கள். அதையும் மீறி நாய் தொலைந்தால், அவிழ்த்துவிட்ட இடத்தில் நீங்கள் போட்டிருந்த சட்டையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் விடியற்காலை அந்த இடத்துக்குப் போங்கள். பல நாய்கள் அந்தச் சட்டையின் மேல் படுத்திருக்கும்.