எக்ஸ்ரேயில் தெரியும் முள்தான் குதிகால் வலிக்குக் காரணமா?

கேள்வி: என் வயது 46. துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. ஐந்து மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்ததும் காலை ஊன்றவே முடியவில்லை. கொஞ்சம் நடந்தால் குறைகிறது, கடை அடைக்கும் நேரத்தில் மறுபடி வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்து, எலும்பு முள்போல வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதை வெட்டி எடுக்க வேண்டுமா? ஊசி போட்டால் சரியாகுமா? இப்போதைக்குச் செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை ஒத்தடம் கொடுக்கிறேன். சர்க்கரை நோயும் உண்டு.
- வாசகி, ஈரோடு

பதில்: வெட்டி எடுக்க வேண்டாம். அந்த முள்ளைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் இதே முள் இருக்கும். முள் இல்லாமலே வலியால் அவதிப்படுகிறவர்களும் உண்டு. உங்கள் வலி முழுக்கப் போன பிறகும் முள் அங்கேயேதான் இருக்கும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை விரிந்து போகும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உண்டு. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அந்த நாண் தளரவே நேரம் கிடைப்பதில்லை. எலும்போடு ஒட்டும் இடத்தில் நார் நைந்துபோகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் பட்டை சுருங்கியே கிடக்கும். விடிந்ததும் உடல் எடை முழுவதும் சட்டென்று அதை இழுக்கிறது. முதல் அடியில் உயிர் போவது அதனால்தான். குதிகால் முடிந்து உள்வளைவு தொடங்கும் இடத்தை, பெருவிரல் பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். "இங்கேதான்" என்று சொல்லத் தோன்றினால் அதுவேதான்.

ஆகவே சிகிச்சை கட்டிலிலேயே, கால் தரையைத் தொடும் முன்பே தொடங்க வேண்டும். உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால்மேல் போடுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, முன்னங்காலை (முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தை) நோக்கி வளையுங்கள். இடது கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறுபோல விறைப்பாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் போதிய அளவு இழுக்கவில்லை. 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வெறும் பாதத்தை மட்டும் மேலே தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விரல்கள் பின்னால் வளைந்தால்தான் பட்டை இழுபடும்.

கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் இந்தப் பட்டைக்குத்தான் சுமை. சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி சாயுங்கள். மூன்று முறை.

இரண்டு வாரம் கழித்து வலி சற்று அடங்கியதும் பட்டையை வலுப்படுத்த வேண்டும். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறக்குங்கள். முதலில் இரண்டு காலாலும், பிறகு ஒரு காலால். 12 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இழுத்துவிடுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். கடைக்குள் செருப்புக்கு அனுமதி இல்லையென்றால், நிற்கும் இடத்தில் கனமான ரப்பர் விரிப்பு கேளுங்கள். உட்காரத் தயங்கவும் வேண்டாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது உங்கள் உரிமை.

செங்கல் ஒத்தடத்தை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், சுடுவது தெரியாது. எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும். கொப்புளத்தில் தொடங்கி விரலை இழந்தவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாத உணர்ச்சியைப் பரிசோதித்து, நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளங்காலால் 10 நிமிடம் உருட்டலாம். இல்லையென்றால் அதுவும் வேண்டாம். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு நாள்கணக்கில் விழுங்காதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். ஆனால் பட்டையே அறுந்துபோவது, குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைவது என்ற ஆபத்துகள் உண்டு. உங்களுக்குச் சில நாள் சர்க்கரையும் ஏறும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் துளியும் குறையாவிட்டால் அப்போது யோசிக்கலாம். முழுக்கக் குணமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். நடுவில் சில நாள் கூடும், சில நாள் குறையும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

குதிகாலில் எரிச்சல், மரத்துப்போதல், ஓய்விலும் இரவிலும் வலி, வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தாலோ, குதிகாலின் இரு பக்கமும் சேர்த்து அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ இது வேறு கோளாறாக இருக்கலாம். நரம்பு, எலும்பில் விரிசல், கிருமித்தொற்று என்று பார்க்க வேண்டியிருக்கும். பாதத்தில் சிறு புண் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.