கசினோ ராயலைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்

நண்பரே, 'குவாண்டம் ஆஃப் சோலேஸ்' (2008) என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தைக் கதை புரியாமல் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொல்லி, மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் பாருங்கள். ஆனால் முதலில் 'கசினோ ராயல்' (2006). அது முடிந்த சற்று நேரத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. காரின் பின்பெட்டியில் கிடப்பவர் யார், பாண்ட் ஏன் இப்படிக் குமுறுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

படத்திலும் குறை உண்டு. தொடக்கக் கார் துரத்தலின் படத்தொகுப்பில் வெட்டு மேல் வெட்டு. யார் யாரை இடிக்கிறார்கள் என்றே பிடிபடுவதில்லை. ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் திரைக்கதை முழுமையடையாமலே படப்பிடிப்பு நடந்தது. வில்லன் கிரீன் வலுவிழந்து நிற்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் ஏரி மேடையில் வரும் 'டோஸ்கா' ஓபரா (இசை நாடகம்) காட்சி! பார்வையாளர்களோடு அமர்ந்தபடியே சதிகாரர்கள் காதுக்கருவி வழியாகப் பேரம் பேசுகிறார்கள். பாண்ட் நடுவில் குரல் கொடுக்கிறார். பதறி எழுந்தவர்களின் முகங்களைப் படமெடுத்துவிடுகிறார். அடுத்து வரும் துப்பாக்கிச் சண்டையில் இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டர் வெடிச்சத்தத்தை அடக்கி, இசையை மேலெழ விடுகிறார். ஒற்றனின் புத்திக்கூர்மையை இவ்வளவு அழகாகக் காட்டும் காட்சிகள் இந்த வரிசையில் அபூர்வம். பொலிவியாவின் தண்ணீரைப் பதுக்கும் சதியும் இன்றைக்கு இன்னும் உறைக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். இடைவெளி விட்டால் பெயர்கள் மறந்துபோகும்.