பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர்: ஜோகேந்திரநாத் மண்டல், கேள்வி பதில்

கே: பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஒரு தலித் என்று மீம் சுத்துதே, நிஜமா சார்?

ப: நிஜம்தான். ஜோகேந்திரநாத் மண்டல், 1904இல் கிழக்கு வங்காளத்தின் பாரிசால் பக்கம் பிறந்த நாமசூத்திரர், அதாவது வங்காளத்துத் தலித் சாதி ஒன்றைச் சேர்ந்தவர். இந்தப் பக்கம் அம்பேத்கர், அந்தப் பக்கம் மண்டல்.

கே: ரெண்டு பேருக்கும் பழக்கம் உண்டா?

ப: பழக்கம் மட்டுமா! 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் போக அம்பேத்கருக்கு பம்பாயில் வழியில்லை. வங்காளச் சட்டமன்றத்தில் ஓட்டுத் திரட்டி அவரை அனுப்பியதில் மண்டலுக்குப் பெரும் பங்கு.

கே: பாகிஸ்தான் கேட்ட முஸ்லிம் லீக்கோடு மண்டல் போனது முட்டாள்தனம் இல்லையா?

ப: இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம் தம்பி. அங்கே ஏர் பிடித்தவர்களில் முஸ்லிம்களும் நாமசூத்திரர்களும்தான் அதிகம். ஜமீன்தார்களில் மேல்சாதி இந்துக்கள் அதிகம். குத்தகை, கடன் என்று இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். அந்தக் கணக்கில் போனார். கணக்கு தப்பியது, அது வேறு.

கே: ஜின்னா இவரைப் பொம்மையாகத்தானே வைத்திருந்தார்?

ப: 1947 ஆகஸ்ட் 10, கராச்சி. பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவர் மண்டல். மறுநாள் அவர் விட்ட நாற்காலியில்தான் ஜின்னா தலைவராக உட்கார்ந்தார். யார் எந்த மதமானாலும் அரசுக்கு அதில் வேலையில்லை என்று பேசியதும் அன்றைக்கே. மண்டல் அதை நம்பினார். என் கணிப்பில், ஜின்னாவும் நம்பித்தான் பேசினார். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். 1948இல் ஜின்னா போனார். அடுத்த மார்ச்சிலேயே அரசியல் சட்டத்துக்கு இஸ்லாத்தை அடிப்படையாக வைத்த குறிக்கோள் தீர்மானம் வந்துவிட்டது.

கே: ராஜினாமா ஏன்?

ப: 1950 பிப்ரவரியில் கிழக்கு வங்காளம் முழுக்கக் கலவரம். சொந்த ஊர்ப்பக்கமான பாரிசாலும் தப்பவில்லை. ஏப்ரலில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானும் சிறுபான்மையினர் பாதுகாப்புக்காகப் போட்ட ஒப்பந்தத்தாலும் நிலைமை தேறவில்லை. அக்டோபரில் கல்கத்தாவிலிருந்தே லியாகத்துக்குக் கடிதம் போட்டார். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று முடிக்கிற கடிதமில்லை. குல்னா பக்கக் கிராமத்தில் போலீஸ் நடத்திய அட்டூழியம் வரை சம்பவம் சம்பவமாக எழுதிய குற்றப்பத்திரிகை. அவசியம் படியுங்கள்.

கே: இந்தியாவில் மரியாதை கிடைத்ததா?

ப: எங்கே! அங்கே துரோகி, இங்கே 'ஜோகன் அலி முல்லா' என்று முஸ்லிம் பெயர் சூட்டிக் கேலி. அகதிகளுக்காக அலைந்தார், தேர்தலில் நின்றார், ஜெயிக்கவில்லை. 1968 அக்டோபர் 5 அன்று பங்கானில் இறந்தார். கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஊர் அது.